கொதிநிலை

"அவளுக்கு இருபதுக்கு இருபது. எனக்கு அஞ்சாம், அண்ணே!"

எம்.எஸ்ஸி. ஆய்வகத்தில் தங்கப்பதக்கக்காரி பொரிந்து தள்ளினாள். குடுவை கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் நிமிர்ந்தார்.

"யாருக்கும்மா?"

"பக்கத்து மேஜை ஊமைக்கோட்டானுக்குத்தான். அரியர் வெச்சுப் பாஸானவ! தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். இவ தொண்ணூத்தொண்ணுன்னு எழுதியிருக்கா. சாரோட ஆராய்ச்சிக் குழுவுல இருந்த ஒரே இடமும் இப்ப அவளுக்குத்தானாம். எனக்கு வயிறு எரியுது!"

"நீங்க என்ன எழுதினீங்க?"

"நூறு. வகுப்புல எல்லாரும் நூறுதான். அவ ஒருத்திதான் தப்பு."

உதவியாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதெப்படிம்மா? சார் வேணும்னேதான் பழுதான தெர்மாமீட்டரா எடுத்து வைக்கச் சொன்னாரு. எல்லாமே ஒம்பது டிகிரி குறைச்சுத்தானே காட்டும்? உங்களுக்கெல்லாம் எப்படி நூறு வந்துச்சு?"

அவள் மேஜைமேல் விரித்து வைத்திருந்த குறிப்பேட்டைச் சட்டென்று மூடினாள்.

அதில் 91 என்று மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்திருந்தாள்.