கடைசியாகத் தொட்டவர்

பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த மறுவாரம், பொன்மலர் தன் கணவர் தண்டபாணியிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனாள். புளிப்பானைக்குள் அவருக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாட்டுப் பணம் பையில் இருந்தது. ஒரு நோட்டுகூடக் குறையவில்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண் நோட்டுகளைக் கைரேகை படிக்கும் இயந்திரத்தில் வைத்தாள். அறிவிப்பு வந்த நாளன்று ஒரு நோட்டைக் கடைசியாகத் தொட்டவர் யாரோ, அவரிடம்தான் புதுப் பணம் தருவார்கள்.

"எல்லாத்துலயும் உங்க வீட்டுக்காரரு ரேகைதானுங்க்கா இருக்குது. அவரு வந்தாத்தான் மாத்த முடியும்."

பொன்மலர் கேட்டாள்: "சும்மா எடுத்து எண்ணிப் பாத்திருப்பாருங்களா?"

"எண்ணுனா ஓரத்துல லேசா விழுகுமுங்க. இது ஒவ்வொரு நோட்டுலயும் நடுவால அழுத்தி வெச்சிருக்குது."

அவள் திரும்பி வந்தபோது தண்டபாணி இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். கோயிலில் கூட்டமா என்று அவர் கேட்கவில்லை.

"வா, பேங்க்கைச் சாத்தறதுக்குள்ள போயிட்டு வந்தரலாம்" என்றார்.