தங்கையின் சட்டை

படாரென்று கண்ணாடிக் கதவு சுவரில் மோதியது. என் மேஜையிலிருந்த பேனாக்கள் உருண்டு விழுந்தன.

மூச்சு வாங்க உள்ளே வந்தவள் மீது பெட்ரோல் வாசனை அடித்தது. நீலச் சட்டை, நெஞ்சில் பெட்ரோல் பங்கின் முத்திரை. சட்டை அவளுக்கு இரண்டு அளவு சிறியது. பொத்தான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன.

என் எதிரே, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த சின்னவள் எழுந்துவிட்டாள்.

"அக்கா... இது என் சட்டைதானே?"

பெரியவள் என்னைப் பார்த்தாள். "இன்னும் மூடலையே மேடம்?"

மூடவில்லை. ஆனால் இன்னும் பத்து நிமிஷத்தில் மூடியிருப்போம். அதோடு அவர்கள் கதையையும்.

பல இடத்துக் கடன்களை ஒன்றாகச் சேர்த்து, கொடுத்தவர்களிடம் பேசி வட்டியை நிறுத்திவைத்து, மாதம் ஒரே தொகையாகக் கட்ட வைப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஒரு மாதம் தவறினால் பொறுப்போம். அடுத்த மாதமும் தவறினால் திட்டம் ரத்து. நிறுத்திவைத்த வட்டியெல்லாம் மொத்தமாக வந்து தலையில் உட்காரும். காலையில் ஃபோன், மாலையில் வாசலில் ஆள் என்று பழைய வாழ்க்கை திரும்பிவிடும்.

சின்னவள் தான் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்கில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டதால் போன மாதம் தவறிவிட்டது. இந்த மாதத்துக்கு இன்றுதான் கடைசி நாள். அவள் கொண்டுவந்ததோ பாதிப் பணம்.

"அக்கா வருவா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

வந்துவிட்டாள். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். நோட்டிலும் பெட்ரோல் வாசனை. மீதிப் பாதி சரியாக இருந்தது.

சின்னவளுக்கு அப்போதுதான் புரிந்தது. குரல் உயர்ந்தது.

"பேக் தைக்கிற கம்பெனில ஓவர்டைம்னு சொன்னியே! இத்தனை நாளா பங்க்லயா நின்ன?"

"பின்ன? பதில் ஆள் இல்லன்னா உன் இடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துடுவேன்னான் உங்க மேனேஜர். நான்தான் பதில் ஆளுன்னு போய் நின்னுட்டேன்."

"பகலெல்லாம் தையல், அப்புறம் பங்க்கா? உனக்கென்ன பைத்தியமா? பெட்ரோல் எது, டீசல் எதுன்னாவது தெரியுமா உனக்கு?"

"முத நாள் தெரியல. ஒருத்தர் ஸ்கூட்டர்ல டீசலை ஊத்தப் போயிட்டேன். அவர் கத்தின கத்துல ஜென்மத்துக்கும் மறக்காது."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சட்டையக் கிழிச்சு வெச்சிருக்க பாரு, கக்கத்துல."

"நீ குச்சி மாதிரி இருந்தா அதுக்கு நான் பொறுப்பா?"

வேலையில் சேர்ந்து எனக்கு ஒரு வாரம்தான் ஆகிறது. அந்த ஒரு வாரத்தில் தம்பியை மாட்டிவிட்ட அண்ணனைப் பார்த்தாயிற்று. கையெழுத்தே தன்னுடையது இல்லை என்று சத்தியம் செய்த மாமனாரையும் பார்த்தாயிற்று. கடன் என்று வந்துவிட்டால் சொந்தங்கள் ஆளுக்கொரு திசையில் ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ரசீதில் முத்திரை குத்திவிட்டுப் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அதைக் கவனித்துவிட்டாள் போலும்.

"என்னை மட்டும் பெருசா நினைச்சுடாதீங்க மேடம். இவ ஒத்தைக் கையால என் பசங்க ரெண்டு பேரையும் குளிப்பாட்டி, சமைச்சுப் போட்டு, ஸ்கூலுக்கு அனுப்பறா. என் சின்னப் பையன் என்கிட்ட வர்றதே இல்ல. சித்தி, சித்தின்னு இவ பின்னாலயே திரியறான்."

சின்னவள் தன் துப்பட்டாவை ஒரு கையாலேயே உருவி, அக்காவின் கிழிசல் தெரியாதபடி தோளைச் சுற்றிப் போர்த்தினாள். முனையைச் செருக ஒரு கை போதவில்லை. பெரியவள் தன் கையைக் கொடுத்தாள். இரண்டு பேரின் இரண்டு கைகள் சேர்ந்து ஒரு முடிச்சுப் போட்டன.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

திரையில் அவர்கள் கணக்கு இருந்தது. பெரியவள் பெயரில் சின்னக் கடன் ஒன்று. சின்னவள் பெயரில் பெரிய கடன்கள் இரண்டு. மூன்றும் ஒரு லாரிக்காக வாங்கியவை. அந்த லாரிதான் இப்போது இல்லை.

"தனித்தனியாப் போட்டிருந்தா உங்க கடன் போன வருஷமே முடிஞ்சிருக்கும். ஒண்ணா சேர்க்கச் சொன்னது யாரு?" என்று பெரியவளைக் கேட்டேன்.

"நான்தான்" என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போல.

எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள். அம்மாவின் பீரோ யாருக்கு என்ற சண்டையில் எங்களுக்குள் பேச்சு நின்று வெகுநாளாயிற்று. அவள் முகம் கண்முன் வந்து போனது.

"கூடப்பிறந்தவங்கன்னா உங்களை மாதிரி இருக்கணும்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பெரியவள் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாங்க கூடப்பிறந்தவங்க இல்ல மேடம். எங்க ரெண்டு பேருக்கும் புருஷன் ஒருத்தன். அவன் லாரியோட ஓடிப்போன அன்னிக்குத்தான் எங்களுக்கே அது தெரிஞ்சுது."