கொசுறுக் கிளை

வாசல் வாகைக்கு மரக்கடைக்காரன் ஒரு லட்சம் வரை ஏறியபோது, “நிழலையும் சேர்த்தா, அதுக்குத் தனியா?” என்று கேட்டு விரட்டியவள் கோமளவல்லி. இன்று அந்த மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. மரம் வெட்டும் சவரிமுத்து கட்டைவிரல் பருமனில் ஒரு கிளையை எடுத்துச் சாய்வாகச் சீவத் தொடங்கினான்.

அவள் புருஷன் ஐயம்பெருமாளுக்கு அந்தக் கத்தி தன் தொண்டையில் இறங்குவது போலிருந்தது. போன கோடையில், அவருடைய மண்டி முன்னால் வாடல் நோய் கண்ட வாகையை வெட்டியவனும் இவன்தான். கூலியை அடித்துப் பேசி முடித்த கையோடு, “வீட்டு மரத்துல ஒரு காஞ்ச கிளை நிக்குது, கொசுறா அறுத்துட்டுப் போ” என்று சொல்லியிருந்தார்.

“நோய் ஒட்டிக்கும் முதலாளி. ரம்பத்தைக் கழுவ ஸ்பிரிட் வாங்கித் தாங்க” என்றான் சவரிமுத்து.

“அதுக்கொரு தண்டச் செலவா? துணியால தொடைச்சுக்கய்யா.”

இப்போது சீவிய இடத்தில், மண்டி மரத்தில் கண்ட அதே பழுப்பு வளையம் தெரிந்தது.

“தேறாதும்மா. வேரோட எடுக்கணும்.”

“எங்கேருந்து வந்துச்சு இது?” என்று கேட்டாள் கோமளவல்லி.

சவரிமுத்து முதலாளியைப் பார்த்தான். முதலாளி அவசரமாக, “வெட்ட எவ்வளவு?” என்றார்.

“ஒன்பதாயிரம்.”

“சரி.”

கோமளவல்லி மெல்லத் திரும்பினாள். அவள் பிரசவத்துக்கு டாக்டரம்மாவிடமே பேரம் பேசிய மனுஷன். அவள் அண்ணாந்து, மஞ்சளான பக்கத்தில் கிளை அறுத்த தழும்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“கொசுறு கேக்கலையா?” என்றாள்.