உப்புப் போடாத வாய்ப்பாடு

உலகத்தில் ஆளுக்கு ஆள் மாறாதவை இரண்டே இரண்டு: ஒன்று எண்சுவடி, மற்றொன்று மாசிலாமணி. இதைச் சொன்னவன் மாசிலாமணி.

மூன்றாவதாகக் கடவுளைச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

பொன்னேரியிலிருந்து வந்து, பழவேற்காட்டில் வீடு வீடாகப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். ஒல்லாந்தர் கோட்டைத் துபாஷியின் பிள்ளைகளுக்கு என்ன வாய்ப்பாடோ, என்ன ராகமோ, மீன்காரி வேலம்மாவுக்கும் அதேதான். பிரம்பு மட்டும் கிடையாது. அவள் திருப்பி அடிப்பாள்.

தோணிரேவுக் குப்பத்தில் தேசப்பன் என்று ஒரு வாத்தியார். வலைக்காரனுக்கு முடிச்சிலும் விறகுக்காரிக்குச் சுள்ளியிலும் கணக்குச் சொல்லித் தருபவர். அவர் பேரைக் கேட்டாலே மாசிலாமணிக்குக் குமட்டும். சரசுவதியை மீன்கூடையில் உட்காரவைத்த மனுஷன் என்பான்.

இப்போது ஏரிக்கரைப் பஞ்சாயத்தில், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் செதில், நண்டு ஓடு, ஈ. ஈக்களுக்கு நண்டு ஓட்டுக்கும் வாத்தியாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வழக்கு இதுதான். முகத்துவாரத்தில் வலை இறக்கப் பதினேழு வீட்டுக்குப் பாடு, அதாவது உரிமை, உண்டு. நாளுக்கு ஒரு வீட்டின் முறை. சாவு விழுந்த நாளும் காற்றடித்த நாளும் யாரும் வலை இறக்குவதில்லை. அவை எண்ணிக்கையில் சேராது. முறை வந்தும் இறக்காத வீட்டின் பாடு பறிபோய்விடும்.

வேலம்மாவின் முறை நேற்றே வந்து போய்விட்டது என்றார் ஊர்ப் பெரியதனக்காரர் ராஜவேலு. நாளைக்குத்தான் என்றாள் வேலம்மா. அவள் பாடு போனால், அது ராஜவேலுவின் மச்சானுக்கு.

மாசிலாமணி சொல்வதே முடிவு என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். தனக்குப் பாடம் சொன்னவனாயிற்றே என்று அவளுக்கு நம்பிக்கை.

அவள் கடைசியாக வலை இறக்கி இன்று பதினெட்டாம் நாள். பதினேழு நேற்றோடு சரி என்றான் மாசிலாமணி. எல்லப்பன் செத்த நாளையும் புயல்காற்று அடித்த நாளையும் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். எண்சுவடியில் எல்லப்பன் இல்லை என்றான்.

அந்த இரண்டு நாளும் வலை இறங்கியதே என்றார் ராஜவேலு, கண்ணைக்கூட இமைக்காமல்.

வேலம்மா அழவில்லை. கூடைக்கு அடியிலிருந்து ஒரு வலைநூலை உருவி, மணலில் நீளமாகப் போட்டாள்.

அவள் முறைக்கு மறுநாளிலிருந்து, அன்றன்று பட்ட மீனில் ஒன்றை, உப்புக்கூடப் போடாமல் கோத்து முடிந்திருந்தாள். முதல் மீன் விறகாகியிருந்தது. நடுவில் இருந்தவை நெளிந்தன. நெளிந்தது மீன் அல்ல, மீனுக்குள் குடியிருந்தது. கடைசி மீனுக்குக் கண் இன்னும் மினுங்கியது.

இரண்டு இடத்தில் மீன் இல்லை. வெறும் முடிச்சு.

“இந்த ரெண்டு நாள்ல இன்னா மீனு பட்டுச்சுனு யாருனா ஒருத்தர் சொல்லுங்க. இப்பவே கோத்துடறேன்.”

பதினேழு வீடும் ஏரியைப் பார்த்தது. பிடிக்காத மீனுக்குப் பேர் வைக்க ராஜவேலுவாலும் ஆகவில்லை. வாத்தியார் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு வாத்தியாரே. பதினெட்டுனா பதினெட்டுதானே?”

மாசிலாமணி பதில் சொல்ல வாயைத் திறந்தான். துண்டு நழுவியது. நாற்றம் மூக்கைக்கூடக் கேட்காமல் நேராக வாய்க்குள் போனது.

வாயை மூடிக்கொண்டு மணலில் குந்தினான்.

முதல் மீனைத் தொட்டான். இரண்டாவதைத் தொட்டான். ராகம் எதுவும் இல்லை. ஏழாவதில் விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்து எட்டாவதைத் தொட்டான். வெறும் முடிச்சு வந்தபோது தாண்டிப் போனான்.

பதினாறோடு மீன் தீர்ந்தது.

பிறகு அவள் கூடையில் கையை விட்டு ஒரு மடவை மீனை எடுத்து, செவுளைத் திறந்து, பதினேழாவதாக, நாளைக்கான இடத்தில் கோத்தான். முடிச்சு வழுக்கியது. பல்லால் கடித்து இறுக்கினான்.

நூலின் மறுமுனையை வேலம்மாவின் கையில் கொடுத்து, முதல் மீனிலிருந்து எண்ணச் சொன்னான்.