இரிதேயின் நீலக் குழாய்

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு சொல்வாங்களே, அது இதுதான்!"

பழைய வண்டிப் போட்டிக்கு வந்திருந்த ஃபோஸ்கோ இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். தேவாலயத்துக்கு எதிரே வரிசையாக நின்ற பழைய மோட்டார் சைக்கிள்களில், அந்தச் சிவப்பு ஐநூறு சிசி வண்டியின் புகைக்குழாய் மட்டும் நீலம் பாரித்திருந்தது. பளபளக்கும் குரோமியத்தில் அது தனியாகத் தெரிந்தது.

நடுவர் லெயார்கோ குனிந்து பார்த்தான். பெயிண்ட், டேங்க், சக்கரம் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டாகிவிட்டது. குழாய்தான் காலை வாரியது.

வண்டி இரிதேயுடையது. அவளுடைய அப்பா ஓட்டியது. முதல் பரிசு உப்பிட்டு உலர்த்திய ஒரு முழுப் பன்றித்தொடை. அதைவிட முக்கியம், ஜெயித்த வண்டிதான் ஊர்வலத்தில் முன்னால் போகும். அப்பா வண்டி ஒரு தடவையாவது முன்னால் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

வேடிக்கை என்னவென்றால், வண்டியைப் பார்த்துக்கொள்வது அவள் கணவன் ஒரியானோ. ரொமாஞ்ஞா வட்டாரத்தில் பழைய வண்டிக்கு டைமிங் வைக்க வேண்டுமென்றால் அவனிடம்தான் வருவார்கள். தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட் நடுவே சிகரெட் காகிதத்தைச் செருகி, அது எப்போது நழுவுகிறது என்று விரலில் உணர்ந்தே, பொறி விழும் நேரத்தைக் கச்சிதமாக வைத்துவிடுவான். "குழாய் நீலமானா பொறி லேட்டா விழுதுன்னு அர்த்தம், வண்டிக்காரன் சோம்பேறின்னு அர்த்தம்" என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

"ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் இம்மி பிசகாம வைப்பாரு. பொண்டாட்டி வண்டின்னா மட்டும் கை வராது" என்றாள் இரிதே. "எத்தனை தடவை சொல்லிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னே தள்றாரு."

"நேரம் கிடைக்கல" என்றான் ஒரியானோ, டேங்கைத் துடைத்தபடி.

"நேரமா? நேத்து ஃபோஸ்கோ வண்டிக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சாம்?"

ஒரியானோ டேங்கை இன்னும் அழுத்தித் துடைத்தான். அவள் முறைத்துவிட்டு பியாதீனா ரொட்டி வாங்கப் போனாள்.

லெயார்கோவுக்கு மண்டை குடைந்தது. தூக்கத்தில்கூடத் தப்பாக வைக்கத் தெரியாதவன் ஒரியானோ. லெயார்கோ பாயிண்ட் மூடியைக் கழற்றினான். காகிதத்தைச் செருகி இன்ஜினை மெல்லச் சுற்றினான். நழுவ வேண்டிய இடத்தில் நழுவவில்லை. இன்னும் சுற்றினான். காகிதம் ரொம்பத் தள்ளித்தான் நழுவியது.

அதைவிட ஆச்சரியம், திருகாணிகளின் தலையில் அசையாமலிருக்கப் பெயிண்ட் பூசியிருந்தது. மறதியில் விட்டதில்லை இது. யாரோ மெனக்கெட்டு இப்படி வைத்திருக்கிறார்கள்.

"ஏம்பா, தெரிஞ்சேதான் வெச்சிருக்கியா?"

"மூடியப் போடு."

"ரெண்டு நிமிஷ வேலை. நானே சரியா வெச்சுடறேன். இன்னிக்கு மார்க் போனா போகட்டும். வேற குழாய் மாட்டிக்கிட்டா அடுத்த வருஷமாவது அவ ஜெயிப்பா."

லெயார்கோ திருப்புளியை எடுத்தான். ஒரியானோ அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அதுல கை வெச்சே, நம்ம சிநேகிதம் இத்தோட சரி."

லெயார்கோவுக்குச் சுருக்கென்றது. "இவ்வளவு வீம்பா உனக்கு? பொண்டாட்டி ஜெயிச்சா பொறுக்காதோ?"

ஒரியானோ மூடியை வாங்கித் தானே மாட்டினான்.

அடுத்தது கடைசிச் சோதனை. நடுவர் முன்னால் வண்டியைக் கிளப்பிக் காட்ட வேண்டும். இரிதே ரொட்டியைக் கணவன் கையில் திணித்துவிட்டு, கிக்கரின்மேல் ஏறி ஒரே மிதி மிதித்தாள். வண்டி தடதடவென்று உயிர்பெற்றது. கூட்டம் கைதட்டியது. எல்லோரையும்விட பலமாகத் தட்டியவன் ஒரியானோ, வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு.

"பாத்தியா லெயார்கோ!" இரிதேயின் முகமெல்லாம் சிரிப்பு. "இதே கிக்கர் அன்னிக்குத் திருப்பி அடிச்சு என் கணுக்காலை ஒடிச்சது. இனிமே இது பக்கத்துலயே போக மாட்டேன்னு அழுதேன். இப்போ பாரு, எப்படி அடங்கி நிக்குது! எல்லாம் மிதிக்கிற விதத்துலதான் இருக்கு."

பன்றித்தொடை ஃபோஸ்கோவுக்குப் போனது. ஊர்வலத்தின் முன்னிடமும் அவனுக்கே.

"எல்லாம் உங்களாலதான்!" என்று இரிதே எல்லோர் முன்னாலும் கணவனைப் பிடித்து உலுக்கினாள். "டைமிங் மன்னனாம், மன்னன்!"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒரியானோ தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, ஊர்வலத்தோடு போய்விட்டாள். போகும்போது கோபமெல்லாம் மறந்து எல்லோருக்கும் கையசைத்தாள்.

"இப்பவாவது சொல்லேன்பா" என்றான் லெயார்கோ. "என் தலையே வெடிச்சுடும்."

அவள் வண்டி வளைவில் திரும்பும்வரை ஒரியானோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியான டைமிங்ல வெச்சா, மிதி கொஞ்சம் தளர்ந்தாலும் கிக்கர் திருப்பி அடிக்கும். லேட்டா வெச்சா அடிக்காது. குழாய்தான் நீலமாகும்."

"அட, இதை அவகிட்டயே சொல்லிட்டா என்ன? ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்குதே!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். தன் கால் இதை ஜெயிச்சிடுச்சுன்னு நம்பித்தான் அவ மறுபடி ஏறினா. அந்த நம்பிக்கையப் புடுங்கிட்டு எனக்கெதுக்குப்பா பன்றித்தொடை?"