உப்புத் தண்ணீர் தாங்குமா?

விஸ்வலிங்கம் கிராணி மறுபடியும் கடைப்படி ஏறுவதைப் பார்த்ததும் கமாலுதீனுக்குத் தலைவலி வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அது. பினாங்கு சூலியா ஸ்ட்ரீட்டில் அவர் மோட்டார் சாமான் கடை வைத்துப் பதினோரு வருஷமாகியிருந்தது. எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர்தான். இப்படி ஒரு வாடிக்கைக்காரரைப் பார்த்ததில்லை.

கிராணிக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். பினாங்கில் கவர்மெண்ட் ஆபீஸ் குமாஸ்தா; அங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். ஒரு பழைய லாரியின் அடிச்சட்டம், ஏலத்தில் எடுத்த எஞ்சின், சரக்குப் பெட்டிப் பலகை என்று என்னென்னவோ சேர்த்து, வீட்டுப் பின்கட்டில் தானே ஒரு கார் கட்டியிருந்தார்.

கார் ஓடியது. அதில் குறையில்லை. மழை பெய்தால் முன்விளக்கு அணைந்துபோகும். அதுதான் வினை.

ஒயரோடு ஒயரைச் சேர்க்கும் கனெக்டரில் ஈரம் புகுகிறது என்று, முதலில் பித்தளையில் ஒரு ஜோடி வாங்கிப் போனார். பத்தே நாளில் பச்சைக் களிம்பேறித் திரும்பி வந்தது. அடுத்து மூடி போட்டது கொடுத்தார் கமாலுதீன். அதுவும் வந்தது.

மூன்றாவதாக, கப்பல்காரர்கள் வாங்கும் ரப்பர் உறை போட்ட ஜோடியை எடுத்து வைத்தார். கிராணி ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். சட்டைப் பையிலிருந்து பொட்டலம் ஒன்றைப் பிரித்து அதில் கொட்டினார்.

உப்பு.

அரை மணி நேரம் கனெக்டர் உப்புத் தண்ணீரில் ஊறியது. சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் வாளியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிட்டது.

"காரைக் கடல்லயா ஓட்டுறீங்க, கிராணி?" என்று கேட்டார் கமாலுதீன்.

"ஓட்டுறேல்லை முதலாளி. நிப்பாட்டி வைக்கிறனான்."

"எங்கே?"

"தஞ்சோங் தொக்கோங் கரையில."

"மழையிலயா?"

"மழையிலதான்."

கிராணி ஜோடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் கடைக் கணக்குப்பிள்ளை சீனி முகம்மது கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். ஊரே பேசுகிறதாம். வானம் கறுத்தால் போதுமாம், கிராணி காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிறாராம். அங்கே நோர்மா என்று ஒரு மலாய்ப் பெண் கார் பக்கத்தில் வந்து நிற்கிறாளாம். வீட்டில் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு செய்கிற வேலையைப் பாருங்கள் என்றார்.

கமாலுதீன் 'அஸ்தஃபிருல்லா' என்று காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் விடவில்லை.

இப்போது நான்காவது தடவை. கிராணி அதே ரப்பர் ஜோடியை மேஜைமேல் வைத்தார். ஒன்றின் உறை தளர்ந்து உள்ளே ஈரம் இருந்தது. வேறு நல்லதாக இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்டார்.

கமாலுதீனுக்கு அந்த நிதானம்தான் பொறுக்கவில்லை. ஒரு கனெக்டருக்காக ஒரு மனிதன் எத்தனை தடவை படியேறுவான்? அதுவும் என்ன காரியத்துக்கு?

"சாமான்ல கோளாறு இல்ல கிராணி. நீங்க மாட்டுறதுலதான் கோளாறு. இனி நானே நேர்ல பார்க்காம ஒன்னும் மாத்தித் தரமாட்டேன்."

"அப்ப வந்து பாருங்கோ" என்றார் கிராணி. "அடுத்த மழைக்கு."

மூன்றாம் நாள் கடலிலிருந்து மழையோடு அடிக்கும் சுமத்ரா காற்று கிளம்பியது. சாயங்காலம் ஐந்து மணிக்கே ஊர் இருண்டுவிட்டது. கமாலுதீன் கடையைச் சீனி முகம்மதிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினார். கனெக்டரைப் பார்க்கப் போகிறாரா, அந்தப் பெண்ணைப் பார்க்கப் போகிறாரா என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

கார் கரை மணலில் நின்றது. மூக்கு கடல் பக்கம். முன்விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று, இப்பவோ அப்பவோ என்று நடுங்கியது.

அந்த விளக்கின் பக்கத்தில் கிராணி குனிந்து நின்றார். கையில் குடை இருந்தது. அதைத் தலைக்குப் பிடிக்காமல் ஒயர் சேருமிடத்துக்குப் பிடித்திருந்தார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

மலாய்ப் பெண்ணும் இருந்தாள். அவள் மட்டுமல்ல. ஏழெட்டுப் பெண்கள், கிழவிகள்கூட இருந்தார்கள். மழையில் விறைத்துப்போய் நின்றார்கள். ஒருத்தியும் கிராணியைப் பார்க்கவில்லை.

இதைப் பார்க்கவா இந்த மழையில் இவ்வளவு தூரம் வந்தோம் என்று கமாலுதீனுக்கு ஆத்திரமாக வந்தது. கிட்டே போய்க் காற்றுக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"இப்படி மழையில நிறுத்தி வச்சா எந்தச் சாமான் தாங்கும் கிராணி? வெளக்கை அணைச்சுட்டு வீட்டுக்குப் போங்க. ஒயராவது மிஞ்சும்லா."

கிராணி திரும்பவில்லை. குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ முதலாளி. மீன் பிடிக்கப் பதினாலு படகு போனது. இந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பன்னெண்டு வந்திட்டுது. இன்னும் ரெண்டு."