கடைத்தாள் கூடாது

மக்காச்சோளத் தோகையில் பூச்செய்து ஒட்டியிருந்த அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே ஞானப்பூ மனசுக்குள் கல்யாணத்தை முடித்துவிட்டாள். பெட்டியைக் கொண்டுவந்த கிருஷ்ணவேணியைப் போல ஒரு மருமகள் கிடைத்தால் வேறென்ன வேண்டும்.

மகன் ஜெபசிங்குக்கு முப்பது தாண்டிவிட்டது. சபை ஊழியர் சொன்ன பெண்கள், தூத்துக்குடிச் சித்தி சொன்ன பெண்கள் என்று எல்லாரையும் மூக்கு, முழி, படிப்பு என ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தான். "எவளையாச்சும் மனசுல வச்சிருந்தா சொல்லித் தொலைலே, எந்த வீட்டுப் பிள்ளைன்னாலும் சரி" என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அப்படி யாருமில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். வீட்டுக்காரருக்கு மணியாச்சி ரயில்வேயில் வேலை, கிறிஸ்துமஸ் அன்றும் டூட்டி. அதனால் பையனைப் பற்றிய கவலை முழுக்க அவள் தலையில்தான்.

ஜெபசிங் வேலை பார்ப்பது கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில். கூட வேலை செய்கிறவர்கள் வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு வந்துவிடுவார்கள். போன வருஷம் அவர்கள் பரிசு சுற்றிவந்த ஜிகினாத்தாள் வீடெல்லாம் உதிர்ந்து, பொங்கல் கழிந்த பிறகும் மீன் குழம்பில் மினுங்கியது. அதனால் இந்தத் தடவை ஞானப்பூ மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். கடைத்தாள் சுற்றிக் கொண்டுவந்தால் பிரியாணி கிடையாது. அவரவர் வீட்டில் கிடப்பதை வைத்துத்தான் சுற்ற வேண்டும்.

வந்தது மூன்று பேர். மணிகண்டபிரபு, அச்சகத்தில் கலர் மாறி வீணாய்ப்போன லேபிள் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். தாள் முழுக்க நீலக் கிளிகள். கிளி எந்த ஊரில் நீலமாக இருக்கிறது என்று ஞானப்பூ கேட்டதற்கு, மயிலாக மாறப் பார்த்துப் பாதியில் நின்றுவிட்டது என்றான்.

கிருஷ்ணவேணியின் பெட்டியைத்தான் அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். தோகையைச் சாயத்தில் நனைத்து, இதழ் இதழாக மடித்து, நடுவில் ஒரு சுளை பருத்தி. இவ்வளவு பொறுமை உள்ள பிள்ளை, ஜெபசிங் மாதிரி ஒரு சோம்பேறியோடும் குடும்பம் நடத்திவிடும். எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பேச்சுவாக்கில் விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன கிருஷ்ணவேணி, தையில் தனக்குக் கல்யாணம், கண்டிப்பாக வரணும் என்று முடித்தாள்.

ஞானப்பூவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மிச்சமிருந்த இந்துஜாவின் பொட்டலத்தை ஏனோதானோவென்று எடுத்தாள்.

அதற்குத் தாளும் இல்லை, பெட்டியும் இல்லை. கட்டம்போட்ட பழைய சட்டை ஒன்றுக்குள் எதையோ வைத்துப் பொத்தானைப் பூட்டி, இரண்டு கையையும் முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது. சட்டைப்பையில் ஒரு கொத்து ஆவாரம்பூ.

"அதப் பொறவு பிரிச்சுக்கிடலாம்மா, பிரியாணி ஆறுது" என்றான் ஜெபசிங். தட்டு வைத்து நாலு தடவை கூப்பிட்டாலும் போனை விட்டு எழுந்திருக்காதவன் அவன்.

பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறது, இரு என்று அவனை அடக்கிவிட்டு ஞானப்பூ முடிச்சை அவிழ்த்தாள். துணி நல்லாத்தானே இருக்கு, யார் சட்டை இது என்று கேட்டாள்.

"தம்பியோடது ஆன்ட்டி. பழசு. சும்மா கெடந்துச்சு" என்றாள் இந்துஜா, தரையைப் பார்த்தபடி.

ஞானப்பூ பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நடுவில் கை ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தது. உள்ளே பைபிள் வைக்கிற துணிப்பை, புத்தம் புதுசு. பழைய பையில் ஜிப் போய்விட்டதென்று அவள் வீட்டுக்குள்தான் புலம்பியிருந்தாள்.

பை ரொம்ப நல்லா இருக்கு தாயி என்றாள். சட்டையை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனவள், திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று. வெங்காயம் நறுக்கினேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயப் பச்சடி ஏற்கெனவே மேசையில்தான் இருந்தது.

எல்லாருக்கும் பரிமாறினாள். கறித்துண்டாகப் பொறுக்கி இந்துஜா தட்டில் வைத்தாள். எங்களுக்கெல்லாம் எலும்புதானா என்று மணிகண்டபிரபு கேட்டது அவள் காதில் விழவில்லை. பிறகு அடுப்படியில் வைத்த சட்டையை எடுத்துவந்து மடியில் போட்டுக்கொண்டு, இந்துஜா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பா பேர் என்ன, என்ன செய்கிறார் என்று கேட்டாள். விளாத்திகுளம் பக்கம், ஆடு வளர்க்கிற குடும்பம், இப்போது மிளகாயும் போடுகிறார்கள் என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் அப்பா, அம்மா ரெண்டு பேரும் வீட்டில் இருப்பார்களா என்பது ஞானப்பூவின் அடுத்த கேள்வி.

ஜெபசிங் தட்டைத் தள்ளி வைத்தான். "யம்மா, அவகிட்டப் போயி எதுக்கு இதெல்லாம் கேக்கீங்க?"

ஞானப்பூ மடியில் இருந்த சட்டையை விரித்தாள். எல்லாப் பொத்தானும் வெள்ளை நூலில் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு நூலில் இருந்தது. அதை அவன் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தாள்.

"இவ தம்பி சட்டைக்கு நான் எப்பம்லே பொத்தான் தச்சேன்?"